நூறுக்கு மேல் வந்தால் ஈரம்

நோட்டில் 107.14 என்று எழுதி, அதைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கீழே இரட்டைக் கோடும் இழுத்து வைத்திருந்தாள் அக்கா மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். "மாமா, இது சரியான்னு பாருங்க" என்று நீட்டும்போதே சரிதான் என்ற தெம்பு முகத்தில் இருந்தது. ஜூலை மாசம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. மூன்று நாளாக விடாத மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது, ரப்பர் மரத்தில் பட்டை நனைந்து கிடந்ததால் பால்வெட்டும் இல்லை. அப்பா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பது வருஷத்தில் நாலைந்து நாள்தான்.

கணக்கு இதுதான். 3.27 கிராம் துத்தநாகம், தேவைக்கு அதிகமான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைகிறது. வெளிவரும் ஹைட்ரஜனை 27 டிகிரி செல்சியஸில், 760 மில்லிமீட்டர் அழுத்தத்தில், அதாவது ஒரு வளிமண்டல அழுத்தத்தில், நீரின் மேல் சேகரிக்கிறார்கள். அளந்தால் 1.2 லிட்டர் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் நீராவி அழுத்தம் 26.7 மில்லிமீட்டர். விளைச்சல் எத்தனை சதவீதம்?

அவள் போட்டிருந்த வழி பார்க்க அழகாகத்தான் இருந்தது. துத்தநாகத்தின் அணு நிறை 65.4, எனவே 3.27 கிராம் என்பது 0.05 மோல். ஒரு மோல் துத்தநாகத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். ஒரு மோல் வாயு 22.4 லிட்டர், அப்படியானால் 0.05 மோலுக்கு 1.12 லிட்டர் வரவேண்டும். வந்திருப்பது 1.2. வந்ததை வரவேண்டியதால் வகுத்து நூறால் பெருக்கினால் 107.14. கட்டம். இரட்டைக் கோடு.

"நூறுக்கு மேல எப்படிட்டி வரும்?" என்றேன்.

"ஏன் வரக்கூடாது? மேத்ஸ்ல போன பரீட்சைக்கு நூத்தி இருபது சதவீதம் லாபம்னு ஒரு கணக்கு வந்துச்சே."

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் பிளஸ் டூ படித்த காலத்தில் போன டியூஷனில் ஒரு தாள் கொடுப்பார்கள், முன்பக்கம் வாயு விதிகள், பின்பக்கம் மோல் கணக்குகள், மொத்தம் இருபத்தொரு சூத்திரம். கேள்வியைப் படி, கொடுத்திருக்கும் எழுத்துகள் எந்தச் சூத்திரத்தில் இருக்கிறது என்று பார், எண்ணைப் போடு, விடையை எழுது, அடுத்த கேள்விக்குப் போ. இருபத்தொன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். பரீட்சையில் இரண்டு விதி கலந்து ஒரு கேள்வி வந்தால் எந்தத் தாளைத் தேடுவது என்று தெரியாமல் முழிப்பேன். வேதியியலில் நான் வாங்கிய மார்க்கை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகு பொறியியல் படித்து, வேலைக்குப் போய், அக்கா மகளுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த பிறகுதான் அந்த இருபத்தொன்றில் முக்கால்வாசி ஒரே சங்கதியின் வேஷங்கள் என்று புரிந்தது. எத்தனை துகள் இருக்கிறது என்று எண்ணுவது. அவ்வளவுதான் இந்தப் பாடம். எண்ணிக்கைக்கு மோல் என்று பேர் வைத்திருக்கிறார்கள், முட்டைக்கு டஜன் மாதிரி, என்ன, டஜனில் பன்னிரண்டு, இதில் 6.022 பெருக்கல் பத்தின் அடுக்கு 23.

சரி, 107-க்கு வருவோம். வருவதற்கு முன்னால் டயர் கதை ஒன்று இருக்கிறது.

மோல் கணக்கில் ஆட்கள் விழும் குழி வேறு, வாயு விதியில் விழும் குழி வேறு. வாயு விதியில் விழுவது எல்லாரும் ஒரே இடத்தில்தான், நானும் அங்கேதான் விழுந்தேன். பைக் பின் டயரில் 28 காற்று வைத்துக்கொண்டு காலையில் கிளம்புகிறோம், 27 டிகிரி. மார்த்தாண்டம் தாண்டி, தக்கலை தாண்டி, நாகர்கோவில் நெரிசலில் ஊர்ந்து, ஆரல்வாய்மொழி கணவாயில் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் டயருக்குள் இருக்கும் காற்று 57 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கன அளவு பெரிதாக மாறாது. அழுத்தம் என்ன ஆகும்?

அழுத்தம் வெப்பநிலைக்கு நேர் விகிதம் என்று தெரியும். ஆகவே 28-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுக்கிறோம், 59 வருகிறது. 59 காற்று! தோவாளை பூச்சந்தை பக்கத்திலேயே டயர் வெடித்துச் சிதறியிருக்க வேண்டும். அந்த ரோட்டில் தினம் ஆயிரக்கணக்கான பைக் போகிறது, ஒன்றும் ஆகவில்லை. செல்சியஸில் பூஜ்ஜியம் என்பது தண்ணீர் உறையும் இடம், காற்றுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. காற்றுக்குப் பூஜ்ஜியம் இன்னும் 273 டிகிரி கீழே இருக்கிறது. எனவே 27 என்பது 300 கெல்வின், 57 என்பது 330 கெல்வின். இரண்டு மடங்குக்கு மேல் சூடானதாக நாம் நினைத்தது, உண்மையில் பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, அவ்வளவே.

அப்போ 28-ஐ 1.1-ஆல் பெருக்கி 30.8 என்று எழுதிவிட்டுப் போகலாமா? இதுவும் தப்பு. இந்த இரண்டாவது குழியைப் பல வாத்தியார்களே சொல்லித் தருவதில்லை. காற்று சுத்தமாக இறங்கிப்போன டயரில் கேஜ் வைத்துப் பாருங்கள், பூஜ்ஜியம் காட்டும். அந்த டயருக்குள் காற்றே இல்லையா? இருக்கிறது, வெளியே இருக்கும் அதே அழுத்தத்தில் இருக்கிறது, 14.7 பிஎஸ்ஐ (28 காற்று என்று சொல்வதும் இதே அலகில்தான்). பெட்ரோல் பங்கில் அந்தப் பையன் பார்க்கும் கேஜ் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டும்தான் காட்டும். ஆகவே உள்ளே உண்மையில் இருப்பது 28-உம் 14.7-உம் சேர்த்து 42.7. அதை 1.1-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 47, திரும்ப 14.7-ஐக் கழித்தால் கேஜில் 32-க்குக் கொஞ்சம் மேல். நாலு காற்று கூடும். சூடான டயரில் காற்று பார்த்து இறக்கிவிடாதே என்று மெக்கானிக் சொல்வதன் அர்த்தம் இதுதான்.

மூன்று விடை, 59, 30.8, 32.3. சூத்திரம் மூன்றிலும் ஒன்றேதான். எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து அளக்கிறாய் என்பதுதான் மாறியது.

இப்போது 22.4. இந்த எண்ணை நம் பிள்ளைகள் சாமி பேர் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள், எங்கே வாயு என்று வந்தாலும் 22.4 என்று போட்டுவிடுகிறார்கள். அது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் மட்டும் சரி. நம்ம மாவட்டத்தில் சின்னமுட்டம் துறைமுகத்து மீன் பெட்டியில் ஐஸுக்கு நடுவே போய் உட்கார்ந்தால்தான் ஒரு மோல் காற்று 22.4 லிட்டர். போதாக்குறைக்கு 1982-இல் வேதியியலுக்கான உலக அமைப்பான ஐயூபேக் திட்ட அழுத்தத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பார் என்று மாற்றியது, அந்தக் கணக்கில் அது 22.7 ஆகிவிடுகிறது. இன்றைக்கும் ஒரு புத்தகத்தில் அது, இன்னொன்றில் இது. எதற்கு இந்தத் தொல்லை? பிவி சமம் என்ஆர்டி என்று ஒரு சமன்பாடு இருக்கிறது, அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வருவது மோல் எண்ணிக்கை, ஆர் என்ற மாறிலி, கெல்வின் வெப்பநிலை மூன்றின் பெருக்கல். ஆர் 0.0821, வெப்பநிலை 300, பெருக்கினால் 24.6. நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மோல் வாயு 24.6 லிட்டர், எந்த வாயுவாக இருந்தாலும். நாம் இருப்பது கடல் மட்டத்துக்குப் பக்கத்தில், அதனால் ஒரு வளிமண்டலம் என்பதும் நமக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

(இதை எல்லாவற்றுக்கும் போடக்கூடாது என்று சொல்ல ஒரு இடைச்செருகல். கேஸ் சிலிண்டரில் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று அவள் கேட்டாள். முடியாது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை, வெப்பநிலை மாறாவிட்டால், மேலே இருக்கும் ஆவியின் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே நிற்கும், சிலிண்டர் முக்கால் இருந்தாலும் சரி கால் இருந்தாலும் சரி. அம்மா சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதுதான் விஞ்ஞானப்படி சரியான முறை. ஆனால் 14.2 கிலோவும் வெளியே வாயுவாக வந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டால் அதற்குச் சமன்பாடு உதவும். முழுக்க பியூட்டேன் என்று வைத்துக்கொண்டால் சுமார் 245 மோல், 24.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6,000 லிட்டர். ஒரு சின்ன அடுக்களையில் கால்வாசி நிறைந்துவிடும். ராத்திரி ரெகுலேட்டரை மூடச் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.)

24.6-ஐப் போட்டு அவள் திரும்பச் செய்தாள். 0.05 மோலுக்கு 1.23 லிட்டர் வரவேண்டும், வந்தது 1.2, ஆக 97.6 சதவீதம். "இப்போ சரி" என்று நானும் சொல்லிவிட்டேன். அவள் பின்பக்கம் விடையைப் புரட்டினாள். 94.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விடை தப்பாக அச்சடித்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அது நம் எல்லாருக்கும் கைவந்த சாக்கு. அதற்குள் திண்ணையிலிருந்து அப்பா கேட்டார்.

"என்ன தகராறு அங்கே?"

"ஒண்ணுமில்ல பாட்டா, நூறு வரவேண்டியது மொதல்ல நூத்தி ஏழு வந்துச்சு."

"நூறுக்கு மேல வருதுன்னா அதுல ஈரம் கெடக்கு மக்களே. உணங்கல."

உணங்கல என்றால் காயவில்லை. அவர் சொன்னது ரப்பர் ஷீட்டை. ரப்பர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரத்தில் வடியும் பால் முழுக்க ரப்பர் இல்லை, மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். சிரட்டையிலிருந்து பாலை எடுத்து, வடிகட்டி, தட்டில் ஊற்றி, அளவாகத் தண்ணீரும் பார்மிக் ஆசிடும் விட்டால் உறைந்து தயிர்க்கட்டி மாதிரி ஆகும். அதை மெஷினில் கொடுத்து அடித்தால் வெள்ளை ஷீட். அந்த நேரத்தில் எடை போட்டால் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் தண்ணீரையும் சேர்த்துத்தான் தராசு காட்டுகிறது. வெயிலில் போட்டு, அப்புறம் புகைப்புரையில் நாலைந்து நாள் தொங்கவிட்டால் நிறம் மாறி தேன் மாதிரி ஆகிவிடும். அப்பா ஷீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் இழுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். எங்கேயாவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் திரும்ப உள்ளே போகும். அந்தத் திட்டுதான் ஈரம். கடைக்காரர் பார்ப்பதும் அதைத்தான், திட்டு இருந்தால் தரத்தை ஒரு படி இறக்கிவிடுவார். இருபது கிலோ பாலில் ஏழு கிலோ எதிர்பார்க்கும் இடத்தில் எட்டு வந்தால் அப்பா சந்தோஷப்பட மாட்டார். சந்தேகப்படுவார்.

இந்தச் சந்தேகம்தான் என் டியூஷன் தாளில் இல்லாமல் போனது. விளைச்சல் நூறைத் தாண்டவே முடியாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 0.05 மோல் துத்தநாகம் 0.05 மோல் ஹைட்ரஜனைத்தான் வெளியே தள்ள முடியும், அதற்கு மேல் ஒன்றுகூடக் கடன் வாங்க இடமில்லை. லாபம் 120 சதவீதம் வரலாம், விலை நம் இஷ்டம். அணுக்கள் நம் இஷ்டத்துக்கு வராது. ஆகவே நூறுக்கு மேல் வந்தால் ஒன்று எண்ணியது தப்பு, அல்லது வேண்டாத ஏதோ ஒன்று சேர்ந்து எடையோ கன அளவோ ஆகிவிட்டது. ஆய்வகத்தில் வடிதாளில் வடிகட்டிய பொருளைச் சரியாக உலர்த்தாமல் எடை போட்டு 110 சதவீதம் என்று எழுதும் கல்லூரிப் பிள்ளைகள் ஏராளம். சிப்பி சுட்ட சுண்ணாம்பிலும் இதே வம்பு உண்டு. நூறு கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் அதிகபட்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும், மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். ஆனால் அந்த 56 கிலோவை நம்ம ஊர் மழைக்காலக் காற்றில் திறந்து போட்டால் ஈரத்தைக் குடித்துக் குடித்து 74 கிலோ வரை போகும். சுட்டவன் கெட்டிக்காரனாகிவிட்டான் என்று அர்த்தமில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கி, "அது ஷீட்டுக்குப்பா, இது கேஸ், கேஸ்ல ஏது ஈரம்" என்று சிரித்துவிட்டுத் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. கேள்வித்தாளில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நீரின் மேல் சேகரிக்கப்படுகிறதுன்னு போட்டிருக்கே."

தலையில் யாரோ குட்டினது மாதிரி இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் குடுவையைக் கவிழ்த்து அதற்குள் குமிழி குமிழியாக ஹைட்ரஜனைப் பிடிக்கும்போது, உள்ளே ஹைட்ரஜன் மட்டுமா இருக்கும்? தண்ணீரின் ஆவியும் கலந்துவிடும். 27 டிகிரியில் அந்த ஆவியின் பங்கு 26.7 மில்லிமீட்டர், கேள்வியிலேயே கொடுத்திருக்கிறார்கள், "அது சும்மா கொடுத்திருக்காங்க" என்று நாங்கள் இரண்டு பேரும் தாண்டிப் போய்விட்டோம். டால்டன் சொன்ன பகுதி அழுத்தம் இதுதான். மொத்தம் 760, அதில் ஆவி 26.7, எனவே ஹைட்ரஜனுக்கு 733.3. அந்த விகிதத்தில் குறைத்தால் 97.6 என்பது ஏறக்குறைய 94 ஆகிறது. பின்பக்க விடை.

கேஸில் ஈரம் இருந்தது. அப்பா சொன்ன மூன்று சொல் வைத்தியத்தில் எங்களுக்கு மூன்றரை சதவீதம் கிடைத்தது. மிச்ச ஒன்பதரை சதவீதத்துக்கு மீன் பெட்டி 22.4 காரணம், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரை "கேஸ்ல ஏது ஈரம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள் அந்தப் பிள்ளை.

அடுத்த வாரம் வினையைக் கட்டுப்படுத்தும் பொருள். எது முதலில் தீருகிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள், அதற்கு நாலு பன்னும் மூணு ஆம்லெட்டும் என்று ஒரு உதாரணமும் சொல்வார்கள். எனக்கு அந்த உதாரணம் பிடிக்காது. பன்னையும் ஆம்லெட்டையும் எண்ணித்தான் பார்க்கிறோம், அதனால் அங்கே தப்பவே தப்பாது. வேதியியலில் நமக்குக் கிடைப்பது எடை. கிராம் குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும் என்று கை தானாகவே எழுதிவிடும், சில நேரம் அது சரியாகவும் அமைந்து தொலைக்கும், அதனால்தான் அந்தப் பழக்கம் சாவதில்லை.

நான் அவளுக்குச் சொன்னது சார்லஸ் கதை. அழுத்தம் மாறாவிட்டால் வாயுவின் கன அளவு கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதம், இதைச் சார்லஸ் விதி என்று படிக்கிறோமே, அதே ஜாக் சார்லஸ். 1783 ஆகஸ்ட் 27-ஆம் தேதி பாரீஸில் ஆளில்லாத ஒரு ஹைட்ரஜன் பலூனைப் பறக்கவிட்டார். பட்டுத்துணியில் பலூன். பட்டில் காற்று ஒழுகும் அல்லவா, அதற்கு ராபர்ட் சகோதரர்கள் என்று இரண்டு பேர் டர்பன்டைனில் ரப்பரைக் கரைத்துப் பூசிக் கொடுத்தார்கள். நம்ம மாவட்டத்தில் ரப்பர் மரம் என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. ரப்பர் ஆசியாப் பக்கம் வந்து நிலைத்ததே 1876 வாக்கில்தான். இதைச் சொன்னதும் அப்பா திண்ணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பலூன் சுமார் 35 கன மீட்டர். ஹைட்ரஜனுக்கு அரை டன் பழைய இரும்பின் மேல் கால் டன்னுக்குச் சற்றுக் குறையக் கந்தக அமிலத்தை ஊற்றினார்கள். இப்போது கணக்குப் பார்க்கலாம். ஒரு மோல் இரும்புக்கு ஒரு மோல் அமிலம், ஒரு மோல் ஹைட்ரஜன். அமிலத்தை 245 கிலோ என்று எடுத்துக்கொண்டால், மோலுக்கு 98 கிராம், சரியாக 2,500 மோல். இரும்பு 500 கிலோ, மோலுக்கு 56 கிராம், கிட்டத்தட்ட 8,900 மோல். எடையில் இரண்டு மடங்கு தெரிந்தது, எண்ணிப் பார்த்தால் மூன்றரை மடங்கு. ஆக அமிலம் தீர்ந்ததும் கடை சாத்தியாயிற்று, இரும்பு பாதிக்கு மேல் அப்படியே மிச்சம் கிடக்கும். 2,500 மோல் ஹைட்ரஜன், அறை வெப்பநிலையில் மோலுக்கு 24 லிட்டர் என்று வைத்தால் 60 கன மீட்டர் வந்திருக்க வேண்டும்.

பலூன் பிடித்ததோ 35. அமிலம் சுத்தமானது என்று வைத்துக்கொண்டாலே 58 சதவீதம். மிச்சம் எங்கே போனது என்று கேட்டேன். அவள் சொன்னாள், ஒழுகியிருக்கும், அமிலம் தண்ணி கலந்ததா இருக்கும். சரி. இன்னும் ஒன்று இருக்கிறது. இரும்பும் அமிலமும் சேரும்போது சூடு கிளம்பும். அந்த ஹைட்ரஜனைத் தண்ணீருக்குள் விட்டுக் குளிரவைக்காமல் ஈயக் குழாய் வழியாக அப்படியே பலூனுக்குள் அனுப்பினார்கள், உள்ளே போய் ஆறியதும் சுருங்கியது, நிரப்ப நிரப்ப பலூன் தொய்ந்துகொண்டே போனது, நிரப்புவதற்குள் படாத பாடு பட்டார்கள். 350 கெல்வினில் போகும் வாயு 300 கெல்வினுக்கு ஆறினால் ஏழில் ஒரு பங்கு சுருங்கிவிடும். இந்தத் தொல்லையைப் பட்ட ஆள் பேரில்தான் அந்த விதி இருக்கிறது! அவர் அதை 1787 வாக்கில் சோதித்துப் பார்த்தாலும் வெளியிடவில்லை, 1802-இல் கேலூசாக் வெளியிட்டபோது சார்லஸ் ஏற்கெனவே பார்த்தது இது என்று சொல்லிப் பேரைக் கொடுத்தார். நல்ல மனுஷர். பலூன் முக்கால் மணி நேரம் பறந்து கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது, ஏதோ பூதம் வந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் கவைக்கம்போடு வந்து குத்திக் கிழித்தார்கள்.

"பாவம், ரப்பர் பூசினது வீணாப் போச்சே" என்றார் அப்பா.

இதற்கு அப்புறம் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மழை விட்டு வெட்டு தொடங்கிய பிறகு, மழை மிரட்டும் நாட்களில் ஷீட் அடிக்காமல் பாலாகவே கடைக்குக் கொடுத்துவிடுவோம். கடையில் ஒரு கரண்டி பாலை எடுத்து உறையவைத்து, உலர்த்தி, எடை போட்டு, நூறு கிராம் பாலில் எத்தனை கிராம் காய்ந்த ரப்பர் என்று ஒரு எண் போடுவார்கள். டிஆர்சி. அதை வைத்துத்தான் காசு. சீட்டில் எங்களுக்கு 33 போட்டிருந்தது. "நம்ம பால் 33 தானா?" என்று கேட்டுக்கொண்டு, அடுக்களைத் தராசில் நூறு கிராம் பால் நிறுத்து, அப்பாவிடம் கெஞ்சி ஆசிட் வாங்கி, பழைய எவர்சில்வர் தட்டில் உறையவைத்து, பூரிக்கட்டையால் தேய்த்து, கழுவி, ஒரு குட்டி ஷீட் செய்துவிட்டாள். முதல் நாள் 51 கிராம். ஒரே நாளில் 42. அப்புறம் 37, 35, 34. அடுத்த நாளும் 34. அதற்கடுத்த நாளும் 34. எடை இறங்குவது நின்றால்தான் ஈரம் போயிற்று என்று அர்த்தம் என்பதை நான் சொல்லவில்லை, அவளே நோட்டில் எழுதியிருந்தாள்.

34-க்கும் 33-க்கும் நடுவே ஒன்றுதானே என்று விட முடியாது, நாற்பது கிலோ பாலுக்கு 400 கிராம் ரப்பர், ஒவ்வொரு தடவையும். எனக்குக் கோபம் வந்தது. சீட்டையும் குட்டி ஷீட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்பா அசையவில்லை, "அவனும் ஈரம் கழிக்கணும்லா" என்றார். அவள்தான் என்னைத் தடுத்தாள்.

"மாமா, நம்ம தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. 34-ன்னு காட்டினா 33.5-ஆவும் இருக்கலாம். பால் நூறுன்னு காட்டினது நூற்றரையா இருக்கலாம். வகுத்தா 33.3. அதை அவங்க 33-ன்னு போட்டா நாம என்ன சொல்ல முடியும்?"

பேச்சு எழவில்லை. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 33.33.

"அப்போ என்ன செய்யலாம்?"

"ஒரு கிலோ பால் எடுத்தா அதே அரை கிராம் தப்பு பத்துல ஒரு பங்காயிடும்."

ஒரு கிலோ பாலா என்று அப்பா இழுத்தார், ஆனால் அது எங்கும் போகாது, காய்ந்தால் ஷீட்டாக விற்கத்தானே போகிறோம் என்று அவள் சொன்னதும் சம்மதித்துவிட்டார். ஒரு தட்டில் அவரே ஊற்றி, மெஷினில் அவரே அடித்து, மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க மூலையில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டுப் புகைப்புரையில் தொங்கவிட்டிருக்கிறார். நேற்று 352 கிராம். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளை தெரிகிறது.